லிங்க் அனுப்பினால் விழா ஆகிவிடாது

டிசம்பர், ஜனவரி வந்தால் போதும், வாசகர் வட்ட வாட்ஸ்அப் குழுக்களில் இலக்கிய விழா லிங்க்குகள் வரிசைகட்டி வந்து விழும். ‘நேரலை. தவறாமல் காணவும்’ என்று ஒரு வரி, அடியில் நாலு கும்பிடு. திறந்து பார்த்தவர்கள் யார், பத்து நிமிடம் தாண்டியவர்கள் யார் என்பது அனுப்பியவருக்கும் தெரியாது. இணையவழி விழாக்களைத் தன் உறுப்பினர்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை பல நூலகங்களில் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. லிங்க் அனுப்ப நூலகம் எதற்கு? உட்காரக் கூடம், பேசியவர் எழுதிய புத்தகம் கைக்கெட்டும் அலமாரியில், பார்த்து முடித்ததும் அதைப் பற்றிப் பேச நாலு பேர். இதெல்லாம் ஒரே இடத்தில் இருப்பது நூலகத்தில்தான். அதனால் இந்தப் பதிவு திரையிடலைப் பற்றியது. முப்பது நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு கிளை நூலகத்தில், கையில் இருக்கும் சாமான்களை வைத்து, இணைய விழாவின் ஓர் அமர்வை ஒழுங்காகக் காட்டுவது எப்படி?

யோசனை ஒன்றும் புதிதில்லை. சிட்னி எழுத்தாளர் விழா ‘லைவ் அண்ட் லோக்கல்’ என்ற பெயரில் தன் மேடை நிகழ்ச்சிகளை ஆஸ்திரேலியாவின் மற்ற ஊர் நூலகங்களுக்கும் சமூகக் கூடங்களுக்கும் நேரலையாக அனுப்புகிறது. பிரிட்டிஷ் நூலகம் ‘லிவிங் நாலெட்ஜ் நெட்வொர்க்’ என்ற கூட்டமைப்பு வழியாக, லண்டனில் நடக்கும் நிகழ்ச்சிகளை மற்ற நகரங்களின் பொது நூலகங்களில் திரையிட வைக்கிறது. இரண்டும் கொரோனாவுக்கு முன்பே தொடங்கியவை. 2020இல் நிலைமை மாறியது. பிரிட்டனின் ஹே இலக்கிய விழா மே மாதமும், எடின்பரோ புத்தக விழா ஆகஸ்டிலும், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் தேசியப் புத்தக விழா செப்டம்பரிலும் இணையத்துக்குப் போயின. ஜெய்ப்பூர் விழா 2021 பிப்ரவரியில் முழுக்க இணையத்தில் நடந்தது. பிறகு மேடைகள் திரும்பி வந்தன, ஆனால் காமிராக்கள் போய்விடவில்லை. தமிழில் நிலைமை இன்னும் நல்லது. பொது நூலக இயக்ககமே 2022இல் நெல்லையில் பொருநை விழாவைத் தொடங்கி, சிறுவாணி, காவிரி, வைகை, சென்னை என்று ஆற்றுக்கும் ஊருக்கும் ஒன்றாக இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியிருக்கிறது. சுருதி டிவி மாதிரியான யூடியூப் சேனல்களில் இலக்கியக் கூட்டங்கள் ஆண்டுக்கணக்காகக் குவிந்து கிடக்கின்றன. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் தேர்ந்தெடுப்பதில்தான்.

முழு விழாவையும் காட்ட முயலாதீர்கள். மூன்று நாள் விழாவில் இருபது முப்பது அமர்வுகள் இருக்கும். காலையிலிருந்து மாலை வரை திரையை ஓடவிட்டால், பேருந்து நிலையத்துத் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல வருவோர் போவோர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு விழாவுக்கு இரண்டு அமர்வு போதும், அதுவும் வெவ்வேறு நாளில். எதை எடுப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: பேசுகிறவருடைய புத்தகம் ஒன்றாவது நம் நூலகத்தில் இருக்கிறதா, அல்லது திரையிடலுக்கு முன் வந்து சேருமா? இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடலாம். பார்த்தவர் வெளியே போகும்போது கையில் எடுத்துப் போக ஒன்றும் இல்லாவிட்டால், அவர் வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

அடுத்த கேள்வி, நேரலையா பதிவா? தயங்காமல் பதிவு என்பேன். நேரலைக்கு ஒரு படபடப்பு உண்டு, உண்மைதான். ஆனால் தமிழ் விழாக்களின் நேரலையில் முதல் இருபது நிமிடம் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை என்று போய்விடும். மேடையில் இருப்பவர்களுக்கு அது மரியாதை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தண்டனை. பதிவென்றால் பேச்சு தொடங்கும் இடத்திலிருந்து ஓட்டலாம், நடுவில் நிறுத்தலாம், மின்சாரம் போனால் விட்ட இடத்தில் தொடரலாம். வெளிநாட்டு விழாவென்றால் நேரக்கணக்கே நேரலையைக் கெடுத்துவிடும். எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் மாலை 7 மணி என்றால் நமக்கு இரவு 11.30. சிட்னியில் மே மாதம் காலை 10 மணி என்றால் இங்கே விடியற்காலை 5.30. வாஷிங்டனில் செப்டம்பரில் காலை 10 மணி, நமக்கு இரவு 7.30. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவதால், நாலரை மணி வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரையாகிவிடும். இது தெரியாமல் போஸ்டர் அடித்தால் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நேரலையாகவே காட்டத் தோதானது சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. 1986இல் தொடங்கியது, ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழ் அமர்வுகளும் அதில் உண்டு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 8 மணி அமர்வு இங்கே மாலை 5.30க்கு, கிளை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் வந்து நிற்கும். எந்த ஆண்டு எந்தெந்த அமர்வு இணையத்தில் வருகிறது, எதற்குக் கட்டணம் என்பதை மட்டும் நிரலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை நிகழ்ச்சிகளுக்கு நேரக்கணக்கே தேவையில்லை, அங்கும் இதே மணிதான்.

அனுமதி

யாரும் பேச விரும்பாத பகுதி இது. ‘யூடியூபில்தான் எல்லாருக்கும் திறந்திருக்கிறதே, கூடத்தில் போட்டால் என்ன?’ என்று கேட்பார்கள். யூடியூபின் விதிகள் வீடியோக்களைச் சொந்தப் பார்வைக்கு, வணிக நோக்கமில்லாமல் பார்க்கத்தான் அனுமதிக்கின்றன. பொதுவில் திரையிடக் கூடாது என்பதை அந்த விதியிலேயே உதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நமது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்குகள் பல உண்டு. ஆனால் ‘நூலகம்’, ‘இலவசம்’ என்ற இரண்டு சொல் சேர்ந்துவிட்டதால் மட்டும் எந்தத் திரையிடலும் தானாக விலக்குக்குள் வந்துவிடாது. ஒளிபரப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டுவதை 37ஆம் பிரிவு தனியாகவே தடுக்கிறது. ஆகவே நுழைவுக் கட்டணம் வேண்டாம். தேநீர்ச் செலவுக்கென்று வாசலில் உண்டியலும் வேண்டாம்.

சட்டத்தைப் பிரித்து மேய்வதைவிட விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது சுலபம். தங்கள் நிகழ்ச்சி ஒரு நூலகத்தில் ஓடுவதை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இருக்காது. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

‘வணக்கம். எங்கள் கிளை நூலக வாசகர் வட்டம் சார்பில், உங்கள் விழாவில் இன்னார் பேசிய இந்த அமர்வின் பதிவை, இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு, நூலகக் கூடத்தில் ஒருமுறை மட்டும் திரையிட அனுமதி வேண்டுகிறோம். சுமார் 40 பேர் பார்ப்பார்கள். கட்டணமோ விளம்பரதாரரோ இல்லை. நாங்கள் அதைப் பிரதி எடுக்கவோ வேறெங்கும் ஏற்றவோ மாட்டோம். அறிவிப்பில் விழாவின் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று தெரிவித்தால் அப்படியே செய்வோம். எங்கள் இணைய இணைப்பு பலவீனமானது. வீடியோ கோப்பாகக் கிடைக்குமானால் உதவியாக இருக்கும்.’

கடைசியில் இருக்கும் இரண்டு கோரிக்கைகள் முக்கியம். ‘பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும்’ என்று கேட்பது ஏனென்றால், விழாவின் சின்னத்தை நம் போஸ்டரில் தூக்கிப் போட்டால் நாமும் அதன் அமைப்பாளர் என்ற அர்த்தம் வந்துவிடும். அதில்தான் மனத்தாங்கல் வருகிறது, திரையிடலில் வருவதில்லை. பதில் மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப்பாகவோ, எழுத்தில் இருக்கட்டும். அதை அச்செடுத்து நிகழ்ச்சிக் கோப்பில் வையுங்கள். போனில் ‘தாராளமாப் போடுங்க’ என்று சொன்னவர் அடுத்த வருடம் அந்தப் பொறுப்பில் இருக்க மாட்டார். அமர்வின் நடுவே சினிமாக் காட்சியோ பாட்டோ ஓடினால் அதன் உரிமை விழாக்காரர்களிடம் இருக்காது. அந்த அமர்வைத் தவிர்த்து வேறொன்றை எடுங்கள்.

கட்டணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்யும் ஜூம் அமர்வு என்றால் கதை வேறு. பதிவு செய்தவருக்கென்று வரும் இணைப்பு அந்த ஒருவருக்கானது. ஒரு டிக்கெட் வாங்கி நாற்பது பேருக்குக் காட்டுவது நாகரிகமில்லை, பல விழாக்கள் அதை விதியிலேயே தடுத்திருக்கின்றன. குழுவாகப் பார்க்க நூலகங்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கோப்பாகக் கொடுக்கச் சம்மதித்தால் பென் டிரைவை அனுப்பும் முன் அது எந்த முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஃபாட் 32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. முழு எச்.டி.யில் எடுத்த ஒன்றரை மணி நேர அமர்வு அதைச் சுலபமாகத் தாண்டும். எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் லேப்டாப் படிக்கும், ஆனால் பழைய புரொஜெக்டரின் யுஎஸ்பி துளை படிக்காமல் போகலாம். லேப்டாப் வழியாகவே ஓட்டுவது உத்தமம்.

கூடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள்

இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களின் வாசிப்பு அறைகளை நிரப்பி வைத்திருப்பவர்களில் பெரும்பகுதி போட்டித் தேர்வு மாணவர்கள். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, இடத்தைப் பிடித்து, நூலகம் மூடும்வரை எழுந்திருக்காதவர்கள். குரூப் 2, குரூப் 4 தேர்வு நெருங்கும் வாரத்தில் ‘இலக்கியத் திரையிடல், ஒரு மணி நேரம் அமைதியாக ஒத்துழைக்கவும்’ என்று அவர்களை எழுப்பினால் அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நூலகத்தை நூலகமாகப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான்.

தனிக் கூடம் இருந்தால் கதவை மூடிக்கொள்ளலாம். ஒரே அறைதான் என்றால் வழி மூன்று. மாடியோ தாழ்வாரமோ இருட்டும் வரை காத்திருந்து அங்கே போடலாம். பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறையைக் கேட்கலாம், நூலகம் நடத்துகிறது என்றால் தலைமை ஆசிரியர்கள் மறுப்பது குறைவு. அல்லது காலை நேரம் முடிந்து மாலை நேரம் தொடங்கும் முன் இடைவேளை விடும் கிளைகளில், அந்த இடைவேளையில் நூலகர் ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் நேரம் போட்டு எழுதுங்கள். தமிழ்த் தாளுக்குப் படிக்கிற மாணவர்களே சிலர் வந்து உட்காருவார்கள், பாடத்திட்டத்தில் இருக்கிற கவிஞரைப் பற்றிய அமர்வாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

சத்தம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள். குரல் புரியாவிட்டால் பத்தாவது நிமிடம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். இலக்கிய அமர்வில் பார்க்க என்ன இருக்கிறது, மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். பணமும் கவனமும் முதலில் ஒலிக்குப் போகட்டும்.

லேப்டாப் ஸ்பீக்கர் ஐந்து பேருக்கு மேல் எட்டாது. புளூடூத் ஸ்பீக்கர் இருபது பேருக்குப் போதும் போலத் தோன்றும், ஆனால் உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழும், பாட்டரி நடுவில் தீரும். உள்ளூர் சவுண்டு சர்வீஸில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுப்பதே சரி. ‘கோயில் திருவிழாவா, கட்சிக் கூட்டமா?’ என்று கேட்டுவிட்டுக் குழாய் ஸ்பீக்கரை ஏற்றிவிடுவார்கள். அது திறந்த வெளிக்கானது. அறைக்குள் எல்லாக் குரலும் மூக்கால் பேசுவதுபோல வரும். 20க்கு 30 அடி கூடத்துக்கு 8 அல்லது 10 அங்குல பாக்ஸ் இரண்டு போதும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளைக்குப் போகும் கேபிளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின். கடைசி நேரத்தில் இல்லாமல் போவது எப்போதும் இந்தக் கேபிள்தான்.

ஒலி வராத திரையிடல்களில் பாதிக்குக் காரணம் ஒன்றே. புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியவுடன், விண்டோஸ் ஒலியையும் அதற்கே அனுப்பிவிடும். சத்தம் புரொஜெக்டருக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் முனகிக்கொண்டிருக்கும், இங்கே ஆம்ப்ளிஃபயரைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி, வெளியீட்டை ஹெட்போனுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டாவது கோளாறு நூதனமானது. பேட்டி எடுப்பவர் குரல் கணீரென்று வரும், எழுத்தாளர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், சில சமயம் வரவே வராது. பதிவு செய்தவர்கள் ஒருவர் மைக்கை இடப்பக்கமும் இன்னொருவர் மைக்கை வலப்பக்கமும் விட்டிருப்பார்கள். நாமோ ஒரு பின்னை மட்டும் மாட்டியிருப்போம். இரண்டு பின்னையும் மாட்டுங்கள். ஒரே ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் விண்டோஸ் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’வை இயக்கிவிடுங்கள், இரண்டு பக்கமும் கலந்து வரும்.

மூன்றாவது, ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் பிரச்சினை. லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பாட்டரியை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு சார்ஜர் இல்லாமல் ஓட்டுங்கள்.

ஸ்பீக்கரை மேலே, பின்னால், ஜன்னலில் என்று வைக்காமல் திரைக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் ஸ்டூல் போட்டு வையுங்கள். கான்கிரீட் கூரை, வெறும் சுவர், டைல்ஸ் தரை உள்ள அறை எதிரொலிக்கும். அங்கே ஒலியைக் கூட்டக் கூட்டச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். குறைத்து வைத்துவிட்டு நாற்காலிகளை முன்னால் இழுங்கள், தரையில் இரண்டு ஜமுக்காளம் விரியுங்கள், கேட்கும்படி வித்தியாசம் தெரியும். சோதனையை ஆளில்லாத அறையில், மின்விசிறி ஓடாமல் செய்து பயனில்லை. எல்லா விசிறியையும் முழு வேகத்தில் விட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, அன்று காட்டப்போகும் அதே வீடியோவை இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். கேட்ட வாக்கியத்தை அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘பரவாயில்ல, கேக்குது’ என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

படமும் இணையமும்

திரை மூலைக்கு மூலை 100 அங்குலம் என்றால் அகலம் ஏழேகால் அடி, உயரம் நான்கு அடி. உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரை முகம் தெளிவாகத் தெரியும், அதாவது 24 அடி. அதற்குமேல் நாற்காலி போடாதீர்கள். வெள்ளைச் சுவர் இருந்தால் திரைத்துணி தேவையில்லை. பகலில் ஜன்னல் வெளிச்சத்தை அடைக்க முடியாத கூடமென்றால் 3000 லூமென்ஸ் புரொஜெக்டரும் வெளிறித்தான் தெரியும். அங்கே பெரிய டிவியே மேல். எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம். கேபிளை நீட்டாமல் லேப்டாப்பைத் திரைப்பக்கம் கொண்டுபோங்கள்.

இணைய வேகம் 720பி தரத்துக்கு நொடிக்கு 2.5 மெகாபிட், 480பிக்கு 1.1 மெகாபிட் என்பது யூடியூப் சொல்லும் கணக்கு. அந்த வேகம் கடைசிவரை நிலையாக இருக்க வேண்டும். வைஃபையில் மாணவர்களின் முப்பது கைபேசிகளும் தொங்கிக்கொண்டிருந்தால் நிற்காது. ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் 720பியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி போகும். தினம் 1.5 ஜிபி திட்டத்தில் அன்று காலை நாலு ரீல்ஸ் பார்த்திருந்தால், முக்கால் மணி நேரத்தில் வேகம் நடைப்பிணமாகிவிடும். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் 480பியில் பூட்டிவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கு அது தாராளம்.

உலாவியில் விருந்தினர் (கெஸ்ட்) சுயவிவரத்தைத் திறந்து அதில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கவிதை வாசிப்பின் நடுவே நூலகரின் வாட்ஸ்அப் வெப்பில் சம்பளப் பட்டியல் செய்தி எட்டிப் பார்க்கும். ‘ஆட்டோபிளே’யை அணையுங்கள், கைதட்டல் ஓயும் முன்பே அடுத்த வீடியோவாக ஏதாவது சமையல் நிகழ்ச்சி தொடங்கிவிடும். பிரீமியம் இல்லாத கணக்கென்றால் விளம்பரம் வந்தே தீரும். கவிஞர் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நகைக்கடை விளம்பரம் வரும் என்று ஒரு விதி இருக்கிறது போல. மௌஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்த அறிவிப்பை முந்தைய நாள் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் இருந்தால் லேப்டாப்பைவிட முதலில் ரௌட்டரை அதில் மாட்டுங்கள். லேப்டாப்புக்குப் பாட்டரி இருக்கிறது, ரௌட்டருக்கு இல்லை.

நேரலையில் கேள்வி கேட்க விரும்பினால் இரண்டு விஷயம். நேரலைச் சாட்டில் எழுத, கூகுள் கணக்கு மட்டும் போதாது, அந்தக் கணக்கில் யூடியூப் சேனல் ஒன்று உருவாக்கியிருக்க வேண்டும். நூலகக் கணக்கில் பெரும்பாலும் இருக்காது. மேலும் மேடையில் நடப்பது நம் திரைக்கு வர பத்து நொடியிலிருந்து அரை நிமிடம் வரை, சில சமயம் இன்னும் கூட, தாமதமாகும். ‘கேள்விகள் இருக்கிறதா?’ என்று அவர்கள் கேட்பதைப் பார்த்த பிறகு தட்டச்சு செய்தால் வண்டி போய்விட்டிருக்கும். பார்வையாளர்களிடம் துண்டுச் சீட்டு கொடுத்து, அமர்வு பாதியைத் தாண்டும்போதே வாங்கி, நல்ல கேள்வியாக ஒன்றைத் தேர்ந்து, ஊர்ப் பெயரோடு அனுப்பிவிடுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்தால் நெறியாளர்கள் அந்தக் கேள்வியை எடுப்பார்கள்.

ஆங்கில அமர்வென்றால் ‘சி’ விசையை அழுத்தினால் எழுத்துகள் ஓடும். தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பை நம்பி விடாதீர்கள், அது சொல்வது தமிழ் மாதிரி இருக்கும், அவ்வளவே. பதிவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூன்று நிமிடம் ஒருவர் தமிழில் சுருக்கிச் சொல்லலாம். 48 நிமிட அமர்வு இப்படி ஒரு மணி நேரம் பிடிக்கும். சொல்லப்போகிறவர் அதை முன்பே ஒருமுறை முழுதாகப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்க வேண்டும். அங்கேயே கேட்டு அங்கேயே சொல்வது நன்றாகத் தொடங்கி மூன்றாவது நிறுத்தத்தில் முறியும்.

புத்தக மேசை

விழா நிரல் பொதுவாகச் சில வாரங்கள் முன்பே வெளியாகும். நூலகத்தின் வேலை அன்றைக்கே தொடங்குகிறது. தேர்ந்தெடுத்த அமர்வில் பேசுகிறவர்களின் பெயர்களை எழுதி, நம் பதிவேட்டில் என்ன இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கிளை நூலகம் நினைத்த மாத்திரத்தில் புத்தகம் வாங்க முடியாது, கொள்முதல் மேலிடத்தில் நடக்கிறது. அதனால் மாவட்ட மைய நூலகத்தையும் பக்கத்துக் கிளைகளையும் கேட்டுத் தற்காலிகமாக வாங்கி வைப்பதுதான் வழி. வாசகர் வட்ட உறுப்பினர்களின் சொந்தப் பிரதிகளையும் மேசையில் வைக்கலாம், பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, ‘இங்கேயே படிக்க மட்டும்’ என்று. பேசுகிறவர் எழுதியதோடு நிறுத்தாமல், பேச்சில் அவர் குறிப்பிடுகிற புத்தகங்களையும் தேடி எடுங்கள். பதிவை முன்பே பார்த்துவிடுவதில் இருக்கிற பெரிய லாபம் இது. ‘அவர் சொன்னாரே, அந்த நாவல்’ என்று கேட்டு வருபவருக்கு அது மேசையிலேயே இருக்கும்.

மேசை வாசல் பக்கம் இருக்கட்டும், திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். இரவல் பதிவேடும் பேனாவும் அந்த மேசையிலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் கவுண்டருக்குப் போய் வரிசையில் நில்லுங்கள் என்றால் பாதிப் பேர் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். உறுப்பினர் அல்லாதவர்களுக்குச் சேர்க்கைப் படிவம் பத்து அச்செடுத்து வையுங்கள்.

பார்த்து முடித்ததும் இருபது நிமிடம் பேச்சு. நடத்துகிறவர் உரை நிகழ்த்தக் கூடாது, அதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆள் பேசியாயிற்று. ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘ரொம்ப சிறப்பா இருந்தது’ என்று மூன்று பேர் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். பேச்சில் வந்த ஒரு குறிப்பான கருத்தை எடுத்து, ‘இப்படிச் சொன்னாரே, உங்களுக்கு ஒப்புதலா?’ என்று, மறுக்கக்கூடியவர் என்று தெரிந்த ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள். அங்கிருந்து தானாகப் போகும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டினால் கீச்சிடும். நாற்பது பேர் கூடத்துக்கு மைக்கே வேண்டாம்.

வர முடியாதவர்களுக்கு மறுநாள் லிங்க் அனுப்பலாம், இப்போது அதற்கு அர்த்தம் உண்டு. யூடியூபின் பகிர்வுப் பெட்டியில் தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் வசதி இருக்கிறது. பொன்னாடை முடிந்த நிமிடத்தைக் கொடுத்து, எந்தப் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். நேரலை முடிந்த வீடியோவைச் சில அமைப்பாளர்கள் வெட்டித் திருத்தி வேறு லிங்க்கில் ஏற்றுவார்கள், சிலர் சில நாளில் எடுத்தே விடுவார்கள். அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அனுமதி கொடுத்தவர்களுக்கு அதே வாரத்தில் பதில் எழுதிவிடுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், பேசியவரின் எந்தெந்தப் புத்தகங்கள் இரவலாகப் போயின, கூடத்தில் எழுந்த கேள்வி ஒன்று. கூடவே, பின்னாலிருந்து எடுத்த ஒரு படம், முகங்கள் தெரியாமல். விழாக்காரர்கள் தங்கள் அறிக்கைக்கு இப்படிப்பட்ட எண்களைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்த ஆண்டு நிரல் அச்சுக்குப் போகும் முன்பே உங்களுக்கு அனுப்பச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே கேட்டு வையுங்கள். மாவட்ட மைய நூலகத்திலிருந்து புத்தகம் வர அந்த நேரம் தேவைப்படும்.